கதவு அறையும் சத்தமும் கையில் பனிக்கட்டியும்

கேள்வி: கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரியில் வேலை பார்த்த என் தம்பி, வெடி விபத்தில் கூட்டாளி ஒருவர் இறந்ததை நேரில் கண்டவன். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதால், இப்போது ஒரு மனநல மருத்துவமனையின் பூட்டிய வார்டில் இருக்கிறான். இரும்புக் கதவை அறைந்து சாத்தும்போதெல்லாம் நடுங்குகிறான். அப்போது கையில் பனிக்கட்டி கொடுத்து, கனத்த போர்வை போர்த்துகிறார்களாம். இதுவும் வைத்தியமா? நாங்கள் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: வைத்தியத்தின் ஒரு பகுதிதான், சகோதரி. அது கதவுச் சத்தம்தான் என்று அறிவு உணர்வதற்கு முன்பே, உங்கள் தம்பியின் உடல் குவாரிக்குத் திரும்பிவிடுகிறது; நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது. அந்நேரத்தில் ‘பயப்படாதே’ என்னும் சொல் காதில் ஏறாது. ஆனால் உள்ளங்கையின் குளிர்ச்சியும் தோளில் அழுந்தும் பாரமும் நாக்கில் படும் புளிப்பும், தாம் இருப்பது குவாரியில் அல்ல, இந்த அறையில்தான் என்பதை அவருக்கு உணர்த்தக்கூடும்.

எது இதம் தரும் என்பதை அவர்தாம் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஆறுதலான கற்பூர வாசனை, இன்னொருவருக்கு இழவு வீட்டை நினைவூட்டலாம். போர்வையின் பாரம்கூட மண்ணில் புதைந்தது போன்ற திகிலைத் தரலாம். ஆகவே, அவர் அமைதியாக இருக்கும் வேளையில், எவை கலங்கடிக்கின்றன, எவை தணிக்கின்றன என்பதைத் தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாடச் செயல்களின் வழியே சிகிச்சை தருபவர்) அவரிடமே கேட்டு எழுதிவைத்து, இரவுப் பணி செவிலியர் உட்பட அனைவரும் அதைப் பார்க்கும்படி செய்வது நல்லது. போர்வையை அவரே விலக்க முடிய வேண்டும். விலக்க முடியாத போர்வை கட்டிப்போடுவதற்கு ஒப்பாகிவிடும்.

2001இல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை நம்மால் மறக்க முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைத் தனிமையில் அடைத்துவைப்பதைத் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு அவர் உடலை அசையவிடாமல் கட்டுப்படுத்தலாம். அதை 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் செயல்பட நியமிக்கப்பட்டவருக்கு, தெரிவிக்க வேண்டும். அந்தப் பிரதிநிதி யார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பனிக்கட்டி, போர்வை போன்ற முறைகள் அந்நேரத் தவிப்பைத் தணிக்க உதவுமே தவிர, உள்ளிருக்கும் காயத்தை ஆற்றிவிடா. அதற்கு, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட உளவியல் சிகிச்சை தேவை. அது எப்போது தொடங்கும் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். மருந்தையும் அவரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்லாதீர்கள். இவ்வளவையும் தாங்கும் உங்களுக்கும் பேச ஒருவர் வேண்டுமென்றால், 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பார்க்கப் போகும்போது வார்டு செவிலியரின் அனுமதியோடு, அம்மாவின் பழைய நூல் புடவைத் துண்டையோ, கையில் வைத்துப் பிசையக் கேழ்வரகு அடைத்துத் தைத்த சிறு துணிப்பையையோ கொண்டுசெல்லலாம். கயிறு, கண்ணாடி, தீப்பெட்டி வேண்டாம். முக்கியமாக, அந்தக் கதவுச் சட்டத்தில் ரப்பர் பட்டை ஒட்ட முடியுமா என்றும், அதுவரை அதை அறையாமல் மெதுவாகச் சாத்த முடியுமா என்றும் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.