குதிக்கால் நோவும் அன்டிபயோட்டிக் குளிசையும்: கேள்வி பதில்

சலக்கடுப்புக்குச் சிப்ரோபுளொக்சசின் போட்ட நான்காம் நாள் குதிக்கால் பிடித்துக்கொண்டது என்று போன கிழமை ஒரு அக்கா எழுதியிருந்தார். குளிசைக்கும் காலுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளுக்கு இன்று பதில். நான் யாழ்ப்பாணத்து மருந்துக்கடைகளில் 31 வருடம் நின்ற மருந்தாளர். மருத்துவர் அல்ல. காலைத் தொட்டுப் பார்க்க வேண்டியதை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

கொக்குவில், ஆசிரியை: எல்லா அன்டிபயோட்டிக்கும் இப்படிச் செய்யுமா?

இல்லை. குவினோலோன் என்ற ஒரு குடும்பத்தைத்தான் சொல்கிறேன். சிப்ரோபுளொக்சசின், லீவோபுளொக்சசின், நோர்புளொக்சசின், ஒப்லொக்சசின், மொக்சிபுளொக்சசின் எல்லாம் அதில் சேரும். பெயர் 'புளொக்சசின்', 'லொக்சசின்' என்று முடிந்தால் கவனியுங்கள். அமொக்சிசிலின் இந்தக் குடும்பம் அல்ல.

நாங்கள் 'குதி நரம்பு' என்று சொல்வது உண்மையில் நரம்பல்ல, கெண்டைத்தசையைக் குதி எலும்போடு கட்டும் தசைநாண். உடற்பாரம் முழுக்க அதில்தான் விழுகிறது. ஆனால் குதிக்குச் சில அங்குலம் மேலே அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. இந்த மருந்துகள் அங்குள்ள கலங்களைப் பாதிக்கின்றன. நார் உண்டாவது குறைகிறது, நாரை அரிக்கும் நொதியங்கள் கூடுகின்றன. அதனால் நாண் தளர்கிறது. சிலருக்கு முதல் 2 நாளிலேயே நோத் தொடங்கும். சிலருக்கு மருந்து முடிந்து மாதங்கள் போன பிறகு வரும். தோளிலும் கையிலும்கூட வரலாம், ஆனால் பெரும்பாலும் குதிக்கால்தான். இது அடிக்கடி நடப்பதல்ல. இருந்தாலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008 இல் இந்த மருந்துகளின் விபரத்தாளில் கறுப்புக் கட்டமிட்டு எச்சரிக்கை போட வைத்தது. 2016 இல், வேறு மருந்து இருக்கும்போது சாதாரண சலக்கடுப்புக்கும் பீனிசத்துக்கும் இதைக் கொடுக்க வேண்டாம் என்றது.

கரவெட்டி: அப்பாவுக்கு 63 வயது, சீவல் தொழில். தொய்வுக்குப் பிரெட்னிசொலோன் போடுகிறார். நெஞ்சுச் சளிக்கு லீவோபுளொக்சசினும் தந்திருக்கிறார்கள். இரண்டு நாளாகக் கால் விறைப்பு என்கிறார். தொழிலுக்குப் போகலாமா?

தம்பி, இன்றைக்கு வந்த கேள்விகளில் எனக்குப் பயம் தந்தது இதுதான். அப்பாவைப் பனையில் ஏற விடாதீர்கள்.

மூன்று காரணம் சொல்கிறேன். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்துக் கூட. பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் சேர்ந்தால் இன்னும் கூட. மூன்றாவது அவருடைய தொழில். தளைநாரைக் காலில் மாட்டி, பாதத்தை மரத்தில் அழுத்தி உந்தும்போது பாரம் முழுக்க இந்த நாணில்தான் விழும். நிலத்தில் நடக்கும்போது அது அறுந்தால் விழுந்து எழும்பலாம். பனையின் பாதியில் அறுந்தால்?

என் கடைக்கு இப்படி ஒருவர் வந்தார். சாரத்தை மடித்துக்கொண்டு படியில் குந்தியிருந்தார். வலது குதிக்கு மேலே விரல் வைத்துப் பார்த்தேன். கயிறு மாதிரி விறைத்திருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். "யாரோ பின்னாலிருந்து கல்லால் எறிந்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தேன், ஒருத்தரும் இல்லை" என்றார். அறுந்தவர்கள் பலர் சொல்வது இதைத்தான். அவர் சட்டைப் பையில் இரண்டு உறை இருந்தது. ஒன்றில் 'காலை 1, இரவு 1' என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்தின் பெயர் இல்லை. குளிசையைப் பார்த்துத்தான் சிப்ரோபுளொக்சசின் என்று கண்டுபிடித்தேன். மற்றது ஸ்டீரொயிட். இரண்டும் இரண்டு இடத்தில் வாங்கியது. ஒரு இடத்தில் தந்தது மற்ற இடத்துக்குத் தெரியாது.

ஆகவே அடுத்த லீவோபுளொக்சசின் குளிசையை விழுங்க முதல், இன்றே மருத்துவரிடம் கால் விறைப்பைச் சொல்லுங்கள். அவர் அதை நிறுத்தி வேறு மருந்து தருவார். பிரெட்னிசொலோனை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். நாட்பட எடுத்ததைத் திடீரென்று விட்டால் அது வேறு ஆபத்து.

எல்லாருக்கும் சொல்கிறேன்: உறையில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சுன்னாகம்: சிப்ரோபுளொக்சசினைப் பால் தேத்தண்ணியோடு போடலாமா?

வேண்டாம், பால் மருந்தைக் கட்டிப் பிடித்துவிடும். தண்ணீரோடு போடுங்கள். இரும்பு, கல்சியக் குளிசை எடுப்பவர்கள் சிப்ரோபுளொக்சசினை அவற்றுக்கு 2 மணித்தியாலம் முந்தி அல்லது 6 மணித்தியாலம் கழித்துப் போடுங்கள்.

ஆவரங்கால், 19 வயது: கரப்பந்து விளையாடுகிறேன். அமொக்சிசிலின் போட்டேன். குதி நோகிறது.

மருந்தின் குற்றமல்ல தம்பி. பாய்ந்து பாய்ந்து விழுவதால் வந்திருக்கலாம். இயன்மருத்துவரிடம் காட்டுங்கள்.

மானிப்பாய்: எங்கள் அப்பப்பா முறிவு நெரிவு பார்த்த பரிகாரியார். குதிப் பிடிப்புக்கு எண்ணெய் போட்டு உருவி, சூடாக மருந்துப் புக்கை கட்டினால் மாறும். எத்தனையோ பேருக்கு மாறியது. ஏன் பயப்படுத்துகிறீர்கள்?

அப்பப்பாவின் கைராசியில் எனக்கு மரியாதை உண்டு. என் சொந்தக் கை முறிவையே ஒரு பரிகாரியார்தான் மட்டை வைத்துக் கட்டினார். ஆனால் இங்கே நாண் சுளுக்கவில்லை, உள்ளே நார் நைந்திருக்கிறது. நைந்த கயிற்றை அழுத்தி உருவினால் என்ன ஆகும்?

மீண்டும் மானிப்பாய்: அப்படியென்றால் மாறியவர்கள் எப்படி மாறினார்கள்?

நல்ல கேள்வி. புக்கை கட்டினால் ஆள் என்ன செய்வார்? காலை நீட்டிக்கொண்டு திண்ணையில் இருப்பார். 'இத்தனை நாள் நடக்காதே' என்று பரிகாரியார் சொல்லிவிடுவார், வீட்டில் எல்லாரும் கேட்பார்கள். அந்த ஓய்வுதான் அவர்களை மாற்றியது என்று நினைக்கிறேன். ஆங்கில மருத்துவத்திலும் முதல் வேலை அதுதான்: மருந்தை நிறுத்து, காலுக்கு ஓய்வு கொடு.

கோண்டாவில், தாதி: புக்கையின் சூடு? சலரோகக்காரருக்குக் காலில் உணர்ச்சி இருக்காதே. வெந்து புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல மறந்ததைச் சொல்லிவிட்டீர்கள் தங்கச்சி. சலரோகக்காரருக்குச் சுடுபுக்கை வேண்டவே வேண்டாம். கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுக்கும் சலரோகக்காரருக்கு இந்த அன்டிபயோட்டிக்கால் இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கவும் கூடும்.

மீண்டும் மானிப்பாய்: சரி, உருவுவதை விடுகிறேன். கட்டலாமா?

முதலில் மருத்துவர் பார்க்கட்டும். அறுந்த நாணைப் பல நாள் கட்டி வைத்துவிட்டுப் போனால் சத்திரசிகிச்சை கடினம். நாண் அறவில்லை என்று அவர் சொன்ன பிறகு, சூடில்லாமல், உருவாமல், கால் அசையாதபடி கட்டுங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை.

நெடுந்தீவு: அறுந்ததா இல்லையா என்று வீட்டில் எப்படி அறிவது? குறிகட்டுவானுக்குப் படகில் வர வேண்டும்.

ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்க விடுங்கள். கெண்டைத்தசையைக் கையால் மெதுவாகப் பிழியுங்கள். பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். நல்ல காலிலும் செய்து ஒப்பிடுங்கள். அசையவில்லையென்றால் அடுத்த படகில் ஏற்றுங்கள். அசைந்தாலும் நோ இருந்தால் மருந்தை விழுங்காமல் மருத்துவரோடு பேசுங்கள்.

உடுவில்: காதுச் சொட்டு மருந்தில் சிப்ரோபுளொக்சசின் இருக்கிறது. ஆபத்தா?

சொட்டு மருந்திலிருந்து இரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம். பயப்பட வேண்டாம்.

சாவகச்சேரி: சிப்ரோபுளொக்சசின் போட்டால் கால் நோகுமா?

மேலே முதல் பதிலை வாசியுங்கள்.

சங்கானை: முந்தி மிஞ்சிய சிப்ரோபுளொக்சசின் இருக்கிறது. சலக்கடுப்புக்குப் போடலாமா?

போடாதீர்கள். இதே கேள்வி இன்று ஐந்தாவது தடவை. மிஞ்சிய குளிசை, பக்கத்து வீட்டுக் குளிசை, மருத்துவரின் துண்டில்லாமல் வாங்கிய குளிசை எல்லாம் ஒன்றுதான். ஸ்டீரொயிட் எடுக்கிறீர்களா, சிறுநீரகம் எப்படி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நல்லூர்: அம்மாவுக்கு 66 வயது. லீவோபுளொக்சசின் முடிந்து ஒரு கிழமை. நோ இல்லை. கந்தசுவாமி கோயிலில் அடி அழிக்க நேர்த்தி. செய்யலாமா?

நோ இல்லாதது நல்ல செய்தி. ஆனால் அடி அழிக்கும்போது விழுந்து விழுந்து எழும்ப வேண்டும், ஒவ்வொரு தடவையும் முன்பாதத்தில்தான் ஊன்றுவார். இந்த வயதில் மருந்து முடிந்து ஒரு கிழமையில் அது வேண்டாம். நேர்த்தியை அடுத்த வருடத்துக்கு வைக்கலாமா என்று அம்மாவோடு இருந்து கதையுங்கள். திருவிழா 25 நாள். தேரன்று சனத்துக்குள் இடிபடாமல், வேறொரு நாள் காலையில் கூட்டிப் போய் ஒரு சுற்று மெதுவாக நடந்து கும்பிடட்டும். நடக்கும்போது குதிக்கு மேலே இழுப்புத் தெரிந்தால் அந்த இடத்திலேயே உட்கார வையுங்கள்.