மல்லாந்து நீந்தும் துடுப்புக்காலி: கேள்வி பதில்

கே: கடலோரக் குகைத் தண்ணீரில் கண் இல்லாத ஓர் உயிரினம் இருக்கிறதாமே, அது பூரானா, இறாலா?

பார்க்கத்தான் பூரான். சேர்ந்த கூட்டம் இறால், நண்டு வகையறா. பெயர் ரெமிபீட், அதாவது துடுப்புக்காலி. 1979இல் பஹாமாஸின் லுகாயன் குகையில் முக்குளித்தபோது உயிரியலாளர் ஜில் யேகர் இதைக் கண்டார். 1981இல் உயிரின வகைப்பாட்டில் இதற்காகத் தனி வகுப்பே (class) உருவானது. பெரும்பாலும் 4 செ.மீ.க்குள்தான் இருக்கும். நிறமே இல்லாத உடம்பு. மல்லாந்தபடி, இரு பக்கக் கால்களும் அலையலையாக அசைய, அவசரமே இல்லாமல் போகும்.

கே: அந்தக் குகையில் இருப்பது நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா?

இரண்டும்தான். மழைநீர் மேலே மிதக்கும், நிலத்தடி வழியாக வந்த கடல்நீர் கீழே கிடக்கும். இரண்டும் தொடும் இடத்தில் டார்ச் அடித்தால் எண்ணெய் கலந்த மாதிரி நெளியும். துடுப்புக்காலி அதற்கும் கீழே, ஆக்சிஜன் அரிதான உப்புநீரில் வாழ்கிறது. பனியுகத்தில் கடல் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது பல குகைகள் காய்ந்து கிடந்தன. இன்று தண்ணீருக்குள் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகள் அப்போது சொட்டுச் சொட்டாக வளர்ந்தவை.

கே: விஷம் உண்டா?

உண்டு. மெக்சிகோவின் யுகாட்டான் குகைகளில் வாழும் ஓர் இனத்தை ஆராய்ந்து 2013இல் உறுதிசெய்தார்கள். இறால், நண்டுக் கூட்டத்தில் விஷம் உறுதியான முதல் உயிரி இதுதான். வாயருகே விஷம் ஏற்றும் ஊசி மாதிரி ஒரு ஜோடிக் கொடுக்கு. விஷத்தில் சதையைக் கரைக்கும் நொதிகளும் நரம்பைத் தாக்கும் நஞ்சும் உண்டு.

கே: இத்துனூண்டு ஜீவனுக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

நியாயமான கேள்வி. உங்கள் வீட்டு எறும்பு, ஈ, கொசு எல்லாவற்றுக்கும் நெருங்கிய பங்காளி இதுதான் என்கின்றன மரபணு ஆய்வுகள். பூச்சிகள் எங்கிருந்து வந்தன என்று தேடினால் இந்த இருட்டுக்குத்தான் வந்து நிற்க வேண்டும். எனக்கு விஷத்தைவிட இதுதான் பெரிய சேதி.

கே: சுற்றுலா போனால் பார்க்கலாமா?

முடியாது. குகை முக்குளிப்புப் பயிற்சி இல்லாமல் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. சரி, ஸ்பெயினின் லான்சரோட்டே தீவுக்குப் போங்கள். ஹமேயோஸ் தெல் ஆகுவா என்ற எரிமலைக் குகைக் குளத்தில் வேறொரு குருட்டு ஜீவனைக் கரையில் நின்றே பார்க்கலாம்: பாறையில் சிந்திய வெள்ளைப் பொட்டுகள் மாதிரி குட்டி நண்டுகள். வேண்டிக்கொண்டு காசு மட்டும் போட்டுவிடாதீர்கள். நாணயம் அரித்துக் கரையும் உலோகம் அவற்றைக் கொல்லும், அதனால் அங்கே அதற்குத் தடை.