காயம் இல்லை, அதனால் தெரிவிக்க வேண்டியதில்லையா?

கேள்வி: அடுக்குமாடிக் கட்டுமானம் ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். மூன்று நாட்களுக்கு முன் டவர் கிரேனின் இரும்பு வடம் அறுந்து, கம்பிக் கட்டு எட்டாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தது. கம்பி வளைப்பவர்கள் இடைவேளைக்குப் போயிருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. "ஒன்றும் ஆகவில்லையே, அதிகாரிகளிடம் ஏன் போக வேண்டும்?" என்கிறார் திட்ட மேலாளர். பதிவேட்டில் 'பொருள் சேதம்' என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்கிறார். கிரேன் துணை ஒப்பந்ததாரருடையது. தெரிவிக்க வேண்டியது யார்? நான் தெரிவித்தால் வேலை போய்விடுமா?

பதில்: முதலில், அந்தப் பதிவேட்டில் கையெழுத்திடாதீர்கள். நாளை அதே கிரேனில் ஓர் உயிர் போனால், விசாரணை அதிகாரி முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். அங்கே மேலாளரின் வாய்ச்சொல் இருக்காது, உங்கள் கையெழுத்து இருக்கும். நடந்ததை நடந்தபடி எழுதினால் மட்டும் கையெழுத்திடுங்கள்.

காயம் ஏற்பட்டால்தான் தெரிவிக்க வேண்டும் என்பது கட்டுமானத் தளங்களில் வேரூன்றிவிட்ட தவறான நம்பிக்கை. 'அபாயகரமான நிகழ்வு' என்பதைச் சட்டம் தனி வகையாகவே வைத்திருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை, காயம் விளைவிக்கக்கூடிய நிகழ்வையே அப்படி வரையறுக்கிறது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 11ஆம் பிரிவும் உடல் காயம் ஏற்பட்டாலும் இல்லாவிட்டாலும் அறிவிப்பு அனுப்பச் சொல்கிறது. பாரம் தூக்கும் சாதனத்தின் சுமை தாங்கும் பாகம் முறிவதைப் பிரிட்டனின் 2013ஆம் ஆண்டு விதிகள் பெயர் சொல்லியே பட்டியலிடுகின்றன. அறுந்த வடம் அப்படி ஒரு பாகம்தான்.

தெரிவிக்கும் கடமை பொதுவாக வேலை வழங்குபவருக்கோ தளத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கோ உரியது. கிரேன் வேறொருவருடையது என்பதால் முதன்மை ஒப்பந்ததாரர் ஒதுங்கிவிட முடியாது. சந்தேகம் இருந்தால் இருவரும் தனித்தனியே தெரிவிக்கட்டும். ஒரே நிகழ்வை இருவர் சொன்னதால் யாரும் தண்டிக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. யாருமே சொல்லாமல் விட்டதுதான் வழக்காகிறது.

கெடு நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் தெரிந்த உடனே சொல்ல வேண்டும். பிரிட்டனில் முறையான அறிக்கைக்கு 10 நாள். உங்கள் விஷயத்தில் மூன்று நாள் கடந்துவிட்டது. தாமதத்தின் காரணத்தையும் சேர்த்து இன்றே அனுப்பச் சொல்லுங்கள்.

இதற்கிடையே என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அறுந்த வடம்தான். புது வடம் மாட்டிவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்டுவிட்டால், தேய்ந்து அறுந்ததா, அளவுக்கு மீறிய பாரத்தால் அறுந்ததா என்பதை யாராலும் நிறுவ முடியாது. துண்டுகளைப் பூட்டிய அறையில் வையுங்கள். தேதியுடன் படம் எடுங்கள். வடத்தின் கடைசிப் பரிசோதனைச் சான்று, அன்றைய பார விவரம், கிரேனை இயக்கியவரின் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை எடுத்து வையுங்கள். காயமடைந்தவரைக் காப்பதற்கும் இடத்தை ஆபத்தில்லாமல் ஆக்குவதற்கும் தவிர, அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர் வரும்வரை இடத்தைக் கலைக்கக் கூடாது என்று ஆஸ்திரேலியச் சட்டம் சொல்வது இதனால்தான்.

வேலை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. புகார் எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வாளர்கள் முற்றிலும் இரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது 1947ஆம் ஆண்டின் தொழிலாளர் ஆய்வு உடன்படிக்கை. ஆனால் ஒரே ஒரு பாதுகாப்பு மேற்பார்வையாளர் இருக்கும் தளத்தில் யார் சொன்னது என்பதை எல்லோரும் ஊகித்துவிடுவார்கள். எனவே இரகசியத்தை மட்டும் நம்பாதீர்கள். இன்றே மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: நடந்தது இது, சட்டப்படி தெரிவிக்க வேண்டியது இது, நாளை மாலைக்குள் அனுப்பியதன் நகல் வேண்டும். பதில் வராவிட்டால் ஆய்வாளர் அலுவலகத்துக்கு நீங்களே எழுதுங்கள். அதன் பிறகு உங்களை நீக்கினால், தேதியிட்ட அந்த மின்னஞ்சலே பழிவாங்கலுக்குச் சான்றாக நிற்கும். அதன் நகலை அலுவலகக் கணினியில் மட்டும் வைக்காமல் உங்கள் சொந்தக் கணக்கிலும் வைத்துக்கொள்ளுங்கள்.