குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 43, பள்ளி ஆசிரியை. உயரம் 157 செ.மீ. போன வருடம் 82 கிலோ இருந்தேன். மூன்று மாத சராசரி சர்க்கரை 6.3 என்று வந்ததும் பயந்துபோய் சோற்றை அடியோடு நிறுத்தினேன். இரவில் பப்பாளி மட்டும்தான். தினமும் முக்கால் மணி நேரம் நடந்தேன். ஒன்பது மாதத்தில் 66 கிலோவுக்கு வந்துவிட்டேன், சர்க்கரையும் 5.6 ஆனது. நினைத்த எடை வந்துவிட்டதே என்று பகலில் சோறு சாப்பிட ஆரம்பித்தேன், அளவோடுதான். நடைப்பயிற்சியும் கொஞ்சம் விட்டுப்போனது. ஐந்தே மாதத்தில் 70 கிலோ. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் நின்றபடியே மிக்சர் டப்பாவைத் திறக்கிறேன், பிறகு அழுகை வருகிறது. என் மெட்டபாலிசம் கெட்டுப்போய்விட்டது என்கிறார்கள். மறுபடி சோற்றை நிறுத்தட்டுமா? என்னோடு வேலை பார்ப்பவர் எடைக்குப் போட்டுக்கொள்ளும் ஊசியை நானும் போடலாமா? பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.

பதில்: சோற்றை மறுபடி நிறுத்த வேண்டாம். மற்றதைப் படிப்பதற்கு முன்பே இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயுள் முழுக்க உங்களால் சோறில்லாமல் இருக்க முடியாது. அப்படி இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் அந்த 4 கிலோவைப் பிரித்துப் பார்ப்போம். சோறு, இட்லி, தோசையை நிறுத்தும்போது ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து குறையும். ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் டயட் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் எடை மளமளவென்று இறங்குகிறது. சோறு திரும்ப வந்ததும் அந்தத் தண்ணீரும் திரும்பிவிடும். உங்கள் 4 கிலோவில் ஒன்று, ஒன்றரை கிலோ அப்படி வந்ததாக இருக்கலாம். மீதி இரண்டரை கிலோதான் கொழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி. ஐந்து மாதம் என்றால் 150 நாள். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு வெறும் 130 கலோரிதான் கூடியிருக்கிறது. ஒரு கைப்பிடி மிக்சரே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட காபியில் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் குடித்தால், சர்க்கரையிலேயே 120 வந்துவிடும். நீங்கள் கட்டுப்பாடே இல்லாமல் சாப்பிடவில்லை. மிகச் சிறிய ஒரு கசிவு, அவ்வளவுதான். அதை அடைக்க முடியும்.

ஆனால் அந்தக் கசிவு ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது என்று புரிந்துகொண்டால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ள மாட்டீர்கள். 2011-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து எடை குறைத்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியது. கொழுப்புத் திசு மூளைக்கு அனுப்பும் ‘போதும்’ செய்தியான லெப்டின் இறங்கியது. இதில் பலரும் எதிர்பார்க்காதது, ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் இவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பதுதான். எடை குறைத்தவரின் உடல் ஒரு வருடம் கழித்தும் பஞ்ச காலத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2016-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு கிலோ குறைந்தால் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. அதாவது மெட்டபாலிசத்தைவிடப் பசிதான் உங்களை அதிகம் இழுக்கிறது.

மெட்டபாலிசம் ‘கெட்டுப்போய்விட்டது’ என்று சொல்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: 16 கிலோ அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடி ஏறுபவருக்கும் வெறுங்கையோடு ஏறுபவருக்கும் ஒரே அளவு சாப்பாடா வேண்டும்? நீங்கள் அந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டீர்கள். அதனால் செலவு குறைந்திருக்கிறது. எதுவும் கெட்டுப்போகவில்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. 82 கிலோவில் சாப்பிட்ட தட்டு இனி உங்களுக்கு ஆகாது. பப்பாளித் தட்டும் நிலைக்காது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு தட்டு இருக்கிறது. எடையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு இந்தத் தட்டைச் சொல்லித்தராமல் அனுப்புவதுதான் எங்கள் பக்கம் நடக்கும் பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். எடையைக் குறைப்பது சில மாத வேலை. தக்கவைப்பதற்கு வேறு பழக்கங்கள் வேண்டும்.

மதியம் சோறு சாப்பிடுங்கள். வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரி. ஒன்றரைக் கப், அதாவது சுமார் 200 கிராம், உங்களுக்குப் போதும். முதலில் தட்டில் காயைப் போடுங்கள், அடுத்து பருப்போ மீனோ முட்டையோ, கடைசியில் சோறு. வரிசையை மாற்றினாலே சோறு தானாகக் குறையும். காயில் தேங்காயும் எண்ணெயும் எவ்வளவு என்று ஒரு தடவை அளந்து பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, அது கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ எல்லாம் ஒன்றுதான். வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பார்த்து, தலைக்கு அரை லிட்டருக்குள் கொண்டுவாருங்கள். அப்புறம், பிள்ளைகள் மிச்சம் வைத்த இட்லியை ‘வீணாகிவிடுமே’ என்று வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கும் எடை ஏறுவது இந்தக் கணக்கில் வராத சாப்பாட்டால்தான். மிஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், உங்கள் வயிற்றில் வேண்டாம்.

நீங்கள் பப்பாளியில் ஓட்டிய அந்த ஒன்பது மாதத்தில் கொழுப்போடு தசையும் கொஞ்சம் போயிருக்கும். பொதுவாகக் குறையும் எடையில் கால் பங்குவரை தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத திசுவாக இருக்கும் என்பார்கள். புரதம் குறைவாகவும் வெறும் நடை மட்டுமாகவும் இருந்தால் இன்னும் கூடப் போகலாம். சிறுநீரகத்தில் பிரச்சினை இல்லை என்றால் உங்களுக்கு ஒரு நாளைக்கு 65 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும். இட்லி, சட்னி, ரசம் சாதம் என்று ஓட்டினால் அதில் பாதிகூட வராது. காலையில் இரண்டு முட்டை, பள்ளிக்கு ஒரு டப்பா சுண்டல், மதியம் கெட்டியான பருப்பு, இரவு மீனோ பனீரோ, நடுவில் தயிர் என்று வைத்தால் ஏறத்தாழ எட்டிப்பிடித்துவிடலாம். சாயங்காலம் நாலு மணிக்குப் பசித்தால் அந்தச் சுண்டல்தான் உங்களை பஜ்ஜிக் கடையிலிருந்து காப்பாற்றும்.

நடையைத் திரும்பத் தொடங்குங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். எடையைக் குறைப்பதில் உடற்பயிற்சியின் பங்கு சிறிது. குறைத்ததைத் தக்கவைப்பதில் அதன் பங்கு பெரிது. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டுக்கு மேல் தக்கவைத்தவர்களைச் சேர்த்து வருகிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. காலையில் அரை மணி, சாப்பிட்ட பிறகு கால் மணி வீதம் இரண்டு தடவை என்று பிரித்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கான பயிற்சி: கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை, இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. மூன்று சுற்று. ஜிம் தேவையில்லை. மூட்டு வலி இருந்தால் நாற்காலிக்கு மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எடை பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 66 வந்த பிறகு நீங்கள் இயந்திரத்தில் ஏறுவதையே விட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஏறத் தொடங்கும்போது எல்லோரும் அதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைத்தவர்களுக்குத் தினமும் எடை பார்க்கவும், ஒரு குறிப்பிட்ட எடையைத் தாண்டினால் உடனே திருத்திக்கொள்ளவும் நேரில் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ திரும்பி ஏறியது. அந்தப் பயிற்சி இல்லாதவர்களில் 72 சதவீதம். நீங்கள் வாரம் ஒரு நாள், காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் பார்த்து எழுதி வையுங்கள். மாதவிடாய்க்கு முன்னும், ஊறுகாய் அப்பளம் அதிகம் போன மறுநாளும் ஒரு கிலோ கூடத் தெரியலாம், அதை விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து 2 கிலோ கூடியிருந்தால் மட்டும் எண்ணெய், இனிப்பு, நொறுக்குத்தீனியை இரண்டு வாரம் இறுக்குங்கள். 2 கிலோவைத் திருப்புவது சுலபம். 10 கிலோ ஏறிய பிறகு வந்து உட்கார்பவரைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும்.

இப்போதைக்கு 66-ஐத் துரத்தாதீர்கள். மூன்று மாதம் 70-இலேயே நிற்கப் பழகுங்கள். நிற்க வந்துவிட்டால் மேற்கொண்டு மெதுவாக இறங்கலாம். 82-லிருந்து 70 என்பதே கிட்டத்தட்ட 15 சதவீதக் குறைவு, உங்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது பெரிய நன்மை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு ஒன்று இருக்கிறது. உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு நடையும் உணவு மாற்றமும் சொல்லிக்கொடுத்ததில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை சொல்லும்படி குறையவே இல்லை. எடை இயந்திரத்தின் முள் நகராத மாதத்திலும் உங்கள் நடை வீணாகாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஊசி நல்ல மருந்துதான், தேவைப்படுகிறவர்களுக்கு நானே எழுதிக்கொடுக்கிறேன். ஆனால் இந்த வகை ஊசிகளில் ஒன்றான செமாக்ளூடைடை நிறுத்திய பிறகு ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று ஆய்வில் பார்த்தார்கள். ரத்த அழுத்த மாத்திரை மாதிரி நீண்ட நாள் எடுக்கும் சிகிச்சை அது. உங்களுக்கு இப்போது அவசரம் இல்லை. உடன் வேலை பார்ப்பவரின் ஊசியைப் பகிர்ந்துகொள்வது எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

அடுத்த தடவை ரத்தம் கொடுக்கும்போது மூன்று மாத சர்க்கரையோடு தைராய்டுக்கான டிஎஸ்எச் பாருங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை, மனநலத்துக்கு ஏதாவது மாத்திரை எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், சில மருந்துகள் எடையைக் கூட்டும், நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. காலில் வீக்கமோ மூச்சு வாங்குவதோ சேர்ந்து சில நாளிலேயே எடை ஏறினால் அது வேறு விஷயம், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

கடைசியாக அந்த மிக்சர் டப்பா. பப்பாளியோடு படுக்கும் ஒருவருக்கு இரவு பதினொரு மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? எட்டு மணிக்கு இரண்டு தோசையோ சப்பாத்தியோ, கூடவே முட்டையோ பருப்போ வைத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அந்த இரவுப் பசி அடங்கிவிடும். இரவுச் சாப்பாடு சாப்பிட்டும் ஒரு மாதம் கழித்து அதே மாதிரி யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவதும் அழுவதும் தொடர்ந்தால், அல்லது சாப்பிட்டதை வாந்தி எடுக்க வேண்டும் என்று தோன்றினால், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே குணமாகிறது. வீட்டில் உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் இன்றைக்கே இதைச் சொல்லுங்கள்.