சுவரில் சிவப்பு முகச் சிலந்தி: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: கென்யாவில் கிசுமு நகரில் வசிக்கிறோம். வீட்டுச் சுவரில் முகம் சிவந்த சின்னச் சிலந்திகள் தென்படுகின்றன. மனித இரத்தம் குடிக்கும் காட்டேரிச் சிலந்தி என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துகிறார்கள். கைக்குழந்தை இருக்கிறது. மருந்து அடித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால், அது எவார்க்கா குலிசிவோரா என்ற குதிக்கும் சிலந்தியின் ஆணாக இருக்கலாம். உடல் அரை சென்டிமீட்டர்தான். விக்டோரியா ஏரியை ஒட்டிய கென்யா, உகாண்டா பகுதிகள்தான் அதன் வாழிடம். 2003-இல் சூட்டப்பட்ட அந்தப் பெயரில் குலிசிவோரா என்பதற்குக் கொசு தின்னி என்று பொருள்.

இரத்தத்தில் அதற்கு நாட்டம் உண்டு என்பது உண்மை. ஆனால் நம் தோலைத் துளைத்து உறிஞ்சும் வாயுறுப்பு அதற்குக் கிடையாது. நம்மைக் கடித்து வயிறு புடைத்த பெண் கொசுவைத் தின்றுதான் இரத்தத்தைப் பெறுகிறது. ஏரியின் மேல் புகைத்தூண் போல எழும் பூச்சிக் கூட்டத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். அத்தனை இரை கிடைத்தும் கொசுவைத் தேடிப் போகிறது.

மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு, பின்புறத்தைத் தூக்கியபடி சுவரில் உட்காரும். இந்தச் சிலந்தியின் குஞ்சு நேராகப் பாயாது. சுற்றி வளைத்துப் பின்பக்கம் போய், தூக்கிய வயிற்றுக்கு அடியில் புகுந்து கீழிருந்து பற்றும். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மனிதர் போட்டுக் கழற்றிய காலுறையின் வாடைகூட இச்சிலந்தியை ஈர்ப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே அழுக்குத் துணிக்கு அருகில் கண்டாலும் திகைக்க வேண்டாம்.

அது பிடிக்கும் கொசு ஏற்கெனவே யாரையோ கடித்ததுதானே என்று கேட்பீர்கள். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் முதிரப் பத்து நாளாவது பிடிக்கும். அதற்குள் கொசு செத்தால் அடுத்தவருக்கு நோய் போகாது.

அதற்காகக் குழந்தையின் பாதுகாப்பைச் சிலந்தியிடம் விட்டுவிடாதீர்கள். மருந்து தோய்த்த கொசுவலை ஓர் இரவும் தவறக்கூடாது. காய்ச்சல் கண்டால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சுகாதாரத் துறையினர் மலேரியாத் தடுப்புக்காகச் சுவரில் மருந்து தெளிக்க வந்தால், சிலந்திக்காகத் தடுக்காதீர்கள்.

தொட்டில் அருகே வந்துவிட்டால் கையால் நசுக்க வேண்டாம். கண்ணாடித் தம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, வெளிச்சுவரில் விட்டுவிடுங்கள். விடும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். முன்பக்கத்துப் பெரிய கண்கள் இரண்டும் உங்களையே பார்க்கும்.