கோல் டேக்ல டெக்ஸ்ட்-அலைன் குடுத்தா ஏன் வேலை செய்ய மாட்டேங்குது?

ஹெச்டிஎம்எல் டேபிள்ல ரேட் காலம் (column, மேலிருந்து கீழ வர்ற வரிசை) முழுக்க வலது பக்கம் ஒதுங்கணும்னு, ஒரு காலத்தைக் குறிக்கிற கோல் டேக்ல (col) டெக்ஸ்ட்-அலைன் ரைட் போட்டேன், அசையல, ஆனா அதே டேக்ல போட்ட பேக்கிரவுண்ட் கலர் மட்டும் வருது, அகலமும் சொன்னபடி நிக்கலன்னு கேட்டிருக்கீங்க.

உங்க கோட்ல எழுத்துப்பிழை எதுவும் இல்லைங்க. ஹெச்டிஎம்எல்ல ஒரு செல்லுக்கு (கட்டத்துக்கு) அப்பா ரோ (row, கிடைவரிசை) தான், கோல் டேக் இல்ல. டெக்ஸ்ட்-அலைன், கலர், ஃபான்ட் எல்லாம் அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்கு இறங்குறது, அதனால ரோல போட்டா செல்லுக்கு வரும், கோல்ல போட்டா வரவே வராது. பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற சிஎஸ்எஸ்ல, 1998ல வந்த சிஎஸ்எஸ் 2லயே காலத்துக்கு நாலே நாலு தான்னு எழுதிட்டாங்க: பார்டர், பேக்கிரவுண்ட், விட்த், விசிபிலிட்டி. அதுலயும் பார்டர், டேபிளுக்கு பார்டர்-கொலாப்ஸ்: கொலாப்ஸ் போட்டிருந்தா மட்டும் தான்.

அப்போ பேக்கிரவுண்ட் எப்படி வருது? அது செல்லுக்கு இறங்கி வரல, செல்லுக்கு அடியில தெரியுது. கீழ டேபிள், அதுக்கு மேல கோல்குரூப், கோல், ரோகுரூப், ரோ, எல்லாத்துக்கும் மேல செல்னு ஆறு லேயரா பிரவுசர் வரையும். நாளைக்கு ஒண்ணு விட்டு ஒரு ரோவுக்கு கலர் அடிச்சீங்கன்னா அந்த ரோல எல்லாம் காலத்தோட கலர் மறைஞ்சிடும், அப்ப குழம்பாதீங்க.

வலது பக்கம் தள்ள நிறைய பேர் டிடி:என்த்-சைல்ட்(3)னு, அதாவது ஒவ்வொரு ரோலயும் மூணாவதா இருக்குற டிடி (செல்லோட டேக்)னு எழுத சொல்லுவாங்க, சரிதான், ஆனா கடைசி ரோல "மொத்தம்"னு ரெண்டு காலத்தை கோல்ஸ்பான்ல சேர்த்திருந்தா, தொகை கண்ணுக்கு மூணாவது காலத்துல இருந்தாலும் அந்த ரோல அது ரெண்டாவது டிடி தான், ரூல் அதைத் தொடாது. பில், ரேட் லிஸ்ட்னா நான் அந்த செல்லுக்கு ஒரு கிளாஸே போட்டுடுவேன், கூடவே ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக்: டாபுலர்-நம்ஸ், அந்த ஃபான்ட்ல வசதி இருந்தா இலக்கம் எல்லாம் ஒண்ணுக்கு கீழ ஒண்ணு நேரா நிக்கும்.

அகலத்துக்கு மட்டும் கோல் டேக்கை விட்டுடாதீங்க, அதுக்கு அதுதான் சரியான இடம். டேபிள்-லேஅவுட் ஆட்டோல (உள்ள இருக்குறதைப் பார்த்து பிரவுசரே அகலம் முடிவு பண்ற முறை) இருக்குற வரைக்கும் நீங்க சொல்ற விட்த் சும்மா ஒரு விருப்பம் மாதிரி தான், உள்ள இருக்குற பெரிய வார்த்தையை விட காலம் சின்னதாகவே ஆகாது, "ஒருங்கிணைக்கப்பட்டுள்ளது"ன்னு ஒண்ணு வந்தா போதும், தள்ளிக்கிட்டு போயிடும். டேபிளுக்கு விட்த் 100%, டேபிள்-லேஅவுட் ஃபிக்ஸட் குடுங்க, அப்புறம் கோல்ல சொன்னது தான் கணக்கு. ஆனா இப்ப நீளமான வார்த்தை பக்கத்து செல் மேல ஏறும், அதனால டிடிக்கு ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட் கட்டாயம் வேணும்.

மொபைல்ல ஸ்க்ரோல் வரணும்னு டேபிளுக்கே டிஸ்ப்ளே பிளாக் போடாதீங்க, ஃபிக்ஸட் போட்ட பலனே போயிடும், வெளிய ஒரு டிவ் வச்சு அதுக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ, டேபிளுக்கு ஒரு மின்-விட்த் குடுங்க.