தோள் விலகியவர் ஈட்டி எறியப் பழகலாமா?

கேள்வி: எனக்கு 32 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், வங்கியில் வேலை. பாடசாலைக் காலத்தில் வேகப்பந்து வீசினேன். 19 வயதில் வலது தோள்மூட்டு இரண்டு தடவை விலகியது. ஆஸ்பத்திரியில் திரும்பப் போட்டுவிட்டார்கள், சத்திரசிகிச்சை எதுவும் நடக்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஃபுட்சால் விளையாடும்போது இடது முழங்காலுக்குள் ஏசிஎல் என்ற மூட்டு நார் அறுந்து, அதற்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். இப்போது நடக்கவும் ஓடவும் வருத்தமில்லை. ஈட்டி எறியப் பழக ஆசை. தெரிந்த பயிற்றுநர் ஒருவர், தோளுக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்தால் அடுத்த கிழமையே தொடங்கலாம் என்கிறார். தொடங்கலாமா? ஈட்டி ஒன்று வாங்கட்டுமா?

பதில்: பழகலாம். ஊசி வேண்டாம். ஈட்டியும் இப்போதைக்கு வேண்டாம்.

2025இல் டோக்கியோ உலகச் சம்பியன்ஷிப்பில் நமது ஈட்டி வீரர் ருமேஷ் தரங்க 84.38 மீற்றர் எறிந்து 7ஆம் இடத்துக்கு வந்ததிலிருந்து, உங்களைப் போலக் கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். முப்பது தாண்டிய ஒருவர் மைதானத்துக்குத் திரும்பப் போக ஆசைப்பட்டால் அதைத் தடுக்க நான் யார்? ஆனால் அதே போட்டியில் இந்தியாவின் நீரஜ் சோப்ரா முதுகு வருத்தத்தோடு எறிந்து 8ஆம் இடத்தில்தான் நின்றார். நன்றாகப் பழகிய உடம்பையே பதம் பார்க்கிற விளையாட்டு இது. பழைய காயத்தோடு வருகிறவர் ஒரு வரிசைப்படிதான் தொடங்க வேண்டும்.

முதலில் தோள். சோசரில் ஒரு தோடம்பழத்தை வைத்தால் எப்படி நிற்கும்? தோள்மூட்டு கிட்டத்தட்ட அப்படித்தான். பழம் பெரிது, தட்டு சின்னது, விளிம்புதான் அதை உருளாமல் பிடித்திருக்கிறது. தோள் முன்பக்கமாக விலகும்போது பெரும்பாலும் அந்த விளிம்பின் முன்பகுதி கிழிந்துவிடும். அந்த வயதில் இரண்டு தடவை விலகியிருந்தால் அது கிழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் பரிசோதனையைத் தொடங்குவேன். இனி ஈட்டி எறிபவரின் கையைப் பாருங்கள். உடம்பு முன்னால் போய்விட்டது, கை இன்னும் பின்னால் கிடக்கிறது, முழங்கை தோள் மட்டத்துக்கு மேலே, உள்ளங்கை வானத்தைப் பார்க்கிறது. உங்கள் தோள் கழன்று போவதற்கு மிகவும் வசதியான நிலை அதுதான்.

சந்தேகம் இருக்கிறவரைக் கட்டிலில் மல்லாந்து படுக்க வைப்பேன். கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் விரித்து, முழங்கையை மடித்து, புறங்கையைக் கட்டில் பக்கமாக மெல்ல மெல்ல இறக்குவேன். நோகிறதா என்று கேட்பதில்லை, முகத்தைத்தான் பார்ப்பேன். பாதி வழியில் கண் விரியும். மற்றக் கை தானாக எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடிக்கும். 'ஐயோ, கழரப் போகுது' என்பார்கள். வலி என்று சொல்லமாட்டார்கள், அது பயம். அந்தப் பயம் இருக்கும்வரை ஈட்டி இல்லை. இதை வீட்டில் மனைவியையோ தம்பியையோ வைத்துச் செய்து பார்க்காதீர்கள். பழக்கமில்லாத கையில் உண்மையாகவே கழன்றுவிடும்.

பயம் இருந்தால் எலும்புமூட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைப் பார்க்க வேண்டும். தேவையான ஸ்கேன் எது என்பதை அவர் சொல்லட்டும். பயம் இல்லையென்றால் தோளைச் சுற்றியுள்ள தசைகளுக்கு மூன்று மாதப் பயிற்சி, அதன் பிறகு எறிதல்.

இப்போது அந்த ஊசி. வீக்கத்தையும் வலியையும் தணிக்கிற ஸ்டீரொய்ட் ஊசியைத்தான் உங்கள் பயிற்றுநர் சொல்லியிருப்பார். உங்களுக்கு வலியே இல்லை, பிறகு எதைத் தணிக்க? கிழிந்த விளிம்பை ஊசி ஒட்டாது, தளர்ந்த மூட்டை இறுக்காது. 'இதற்கு மேல் போகாதே' என்று உடம்பு சொல்லும் குரலை மட்டும் கொஞ்ச நாளைக்கு அடக்கிவைக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். கையில் ஒரு சிலிசிலிப் பை, அதற்குள் மூன்று எம்ஆர்ஐ உறைகள். ஐந்து மாதத்தில் மூன்று ஊசி. ஒவ்வொரு தடவையும் பயிற்றுநர் ஒரு கிளினிக்கைச் சொல்ல, கிளினிக் ஒரு ஸ்கேன் நிலையத்தைச் சொல்ல, இவர் கடன் வாங்கிக் காசு கட்டியிருக்கிறார். அந்த மூன்று ஸ்கேனையும் ஒருவரும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இரண்டாவது உறை திறக்கப்படவே இல்லை, ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே உங்கள் பயிற்றுநரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஊசி எந்த இடத்துக்கு, எந்த நோய்க்கு? அதைத் தீர்மானித்த டொக்டர் யார்? பதில் வராமல் 'நான் ஆளைக் காட்டுகிறேன், என் பெயரைச் சொல்லுங்கள்' என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெயரைச் சொல்லச் சொல்வது கொமிஷனுக்காகத்தான். இன்னொன்றும் இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் இந்த வகை ஸ்டீரொய்ட் மருந்துகளை உடம்பின் எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும், போட்டிக் காலத்தில் அது ஊக்கமருந்து விதிகளின்படி தடை. நாளைக்கு நீங்கள் ஒரு மூத்தோர் போட்டிக்குப் பெயர் கொடுத்தால் மாட்டுப்படுவது நீங்கள்தான், பயிற்றுநர் இல்லை.

நீரஜ் சோப்ராவுக்கு 2019 மே மாதம் முழங்கையில் சத்திரசிகிச்சை நடந்தது. அந்த வருட உலகச் சம்பியன்ஷிப்பை அவர் விட்டார். திரும்பி வந்து 87.86 மீற்றர் எறிந்தது 2020 ஜனவரியில். சுற்றிவர மருத்துவர்களும் பிசியோக்களும் இருந்த 22 வயது இளைஞருக்கே எட்டு மாதம். உங்களுக்கு ஒரு கிழமை என்கிறார்கள்.

சரி, தோளை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது முழங்கால்தான். ஈட்டி கையால் எறியப்படுவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். வலது கைக்காரர் ஒருவர் ஓடி வந்து இடது காலை நேராக முன்னால் ஊன்றுகிறார். ஓட்டம் அந்தக் காலில் முட்டி நிற்கிறது, நின்ற வேகம் இடுப்பு, நெஞ்சு, தோள் என்று மேலே ஏறி ஈட்டிக்குப் போகிறது. ஓடுகிற பஸ்ஸில் பிரேக் பிடித்தால் நிற்கிறவர்கள் முன்னால் தூக்கி எறியப்படுகிறார்களே, அதே கதை. உங்கள் உடம்பில் பிரேக் இருக்கும் இடம் சத்திரசிகிச்சை செய்த இடது முழங்கால். உடல் எடையைப் போல் பல மடங்கு பாரம் ஒரு கண் சிமிட்டலில் அதில் இறங்கும். அது மடங்கினால் என்ன நடக்கும்? காலில் கிடைக்காத வேகத்தைக் கையால் பிடுங்கப் பார்ப்பீர்கள். முழங்கை கீழே இறங்கும், கை பக்கவாட்டில் சுழலும், தோளும் முழங்கையின் உள்பக்கமும் சேர்ந்து கெடும். முழங்காலைச் சரியாகத் தயார் செய்யாமல் தோளுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது வீண்.

'ஓட வருத்தமில்லை' என்பது எனக்குப் போதாது. ஒரு காலில் நின்று முன்னால் பாய்ந்து, அதே காலில் இறங்கி அசையாமல் நில்லுங்கள். இரண்டு கால்களுக்கும் தூரத்தை அளந்து பாருங்கள். காயப்பட்ட கால் மற்றதன் தூரத்தில் 90 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் இன்னும் வேலை இருக்கிறது. வீட்டுப் படியிலிருந்து ஒரு காலால் மெதுவாக இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சரிகிறதா என்று ஒருவரைக் கைபேசியில் முன்னாலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். சரிந்தால் தொடை, இடுப்புத் தசைகளுக்கு இரண்டு மூன்று மாதம் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் எந்தக் கையால் எறிவீர்கள் என்று எழுதவில்லை. வலது தோள் விலகியதால் வலது கைப் பந்துவீச்சாளர் என்று நானாக எடுத்துக்கொண்டேன். ஆனால் களத்தடுப்பில் விழுந்து மற்றத் தோள் விலகியவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் இடது கைக்காரர் என்றால் இதுவரை சொன்னதில் பாதி தலைகீழாகிவிடும். அப்போது ஊன்றும் கால் வலது கால், அதில் காயம் இல்லை. ஏசிஎல் போன இடது கால் பின்னால் தள்ளுகிற கால். அதற்கும் வேலை உண்டு, ஆனால் அந்த முட்டும் பாரம் இல்லை. விலகிய வலது தோள் எறிகிற தோள் இல்லை, முன்னால் வழிகாட்டுகிற கை. அந்தக் கையை நீட்டி, பிறகு மடித்து நெஞ்சுப் பக்கம் இழுப்பதோடு சரி. டோக்கியோ பராலிம்பிக்கில் ஒரு கை பாதிக்கப்பட்டவர்களுக்கான எஃப்46 பிரிவில் நமது தினேஷ் பிரியந்த 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் எடுத்தார், மற்றக் கை முழுமையாக இல்லாமலும் எறியலாம் என்பதற்கு அது போதும். ஆனாலும் அந்த இடது கைக்காரருக்கு ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. எறிந்த வேகத்தில் முன்னால் விழுந்து இரண்டு கையாலும் நிலத்தில் ஊன்றுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அப்படி விழுந்தால் விலகிய தோள் திரும்ப விலகும். அதனால் எறிந்த பிறகு இரண்டு எட்டு வைத்து நிற்கப் பழகும்வரை, தாண்டக்கூடாத கோட்டுக்கு வெகு பின்னாலிருந்துதான் எறிய வேண்டும்.

சரி, பரிசோதனைகளில் தேறி, தசைப் பயிற்சியையும் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆறு கிழமை, கிழமைக்கு இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு. முழந்தாளிட்டு ஒரு கிலோ மெடிசின் பந்தை (பயிற்சிக்கான பாரப் பந்து) இரண்டு கையாலும் தலைக்கு மேலால் எறியுங்கள், பிறகு நின்று எறியுங்கள். டென்னிஸ் பந்தைச் சுவரில் அல்ல, வெளியில் தூரமாக, முழங்கை தோளுக்கு மேலே நிற்கும்படி எறியுங்கள். அப்புறம்தான் ஈட்டி, அதுவும் நின்ற இடத்திலிருந்து, பாதி பலத்தில், ஒரு நாளைக்கு இருபது எறி. அதன் பிறகு மூன்று எட்டு நடந்து வந்து எறிவது. ஓடி வருவது பல மாதம் கழித்து. எறியும்போது இலேசான நோவு வந்து மறுநாள் காலையில் போய்விட்டால் பரவாயில்லை. காலையில் பல் தீட்டக் கை தூக்கும்போது நோகுமானால் ஒரு படி பின்னால் போங்கள். குதியில் ஆணி வைத்த ஈட்டிச் சப்பாத்தை இந்த வருடம் வாங்க வேண்டாம். பாதம் நிலத்தில் பூட்டிக்கொண்டு முழங்கால் முறுகும். மே முதல் செப்டெம்பர் வரையான மழைக்காலத்தில் ஈரப் புல்லில் காலை ஊன்றி எறியவே கூடாது.

ஈட்டி வாங்குவது பற்றி. ஆண்களுக்கான ஈட்டி 800 கிராம், நீளம் 2.6 முதல் 2.7 மீற்றர். நீங்கள் பெண்களுக்கான 600 கிராம் ஈட்டியில் தொடங்குங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஈட்டிகளில் 50 மீற்றர், 70 மீற்றர், 90 மீற்றர் என்று எறிபவரின் தரத்தைக் குறித்திருப்பார்கள். எண் கூடக் கூட ஈட்டி விறைப்பாக இருக்கும். பழகாத கையில் அந்த விறைப்பின் அதிர்வு முழுக்க முழங்கைக்குத்தான் வரும். 'சர்வதேச வீரர் பாவித்தது, குறைந்த விலை' என்று ஒரு 80 மீற்றர் ஈட்டியை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். புதிதாக விற்கிறவர்களில் சிலர் நிறையிலும் ஏமாற்றுகிறார்கள். என்னிடம் வந்த ஒருவர் வாங்கிய 800 கிராம் ஈட்டியைப் பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், 730 காட்டியது. காசு கொடுக்க முன் நிறுத்துப் பாருங்கள்.

எங்கே எறிவது என்பதுதான் எனக்கே பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. காலிமுகத்திடலில் ஒருபோதும் வேண்டாம், ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால் போதும். பாடசாலைகளில் ஈட்டிகள் விளையாட்டுப் போட்டி முடிந்ததும் களஞ்சிய அறையில் பூட்டப்படுகின்றன. கழகங்கள் பதக்கம் கொண்டுவரக்கூடிய பிள்ளைகளைத்தான் தேடுகின்றன. 32 வயதில் புதிதாகப் பழக வருகிறவருக்கு ஒரு கதவும் இல்லை. ஒரு மைதானத்தில் மாலை ஒரு மணித்தியாலம் அனுமதி கேட்டு நான் ஒருவரை அனுப்பினேன். கடிதம், கழகத்தின் கடிதம், கழகம் பதிவு செய்ததற்கான கடிதம், பிறகு 'பொறுப்பானவர் லீவில்' என்று நான்கு தடவை அலைய விட்டார்கள். ஐந்தாம் தடவை அவர் போகவில்லை. தேகப்பயிற்சி இல்லாமல் நீரிழிவு வருகிறது என்று சுவரெல்லாம் சுவரொட்டி ஒட்டுகிற நாட்டில் இதை ஏன் சரிசெய்ய முடியவில்லை?

தனியாக அலையாமல், மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிகளுக்குப் போகும் குழு ஒன்றோடு சேர்ந்து போங்கள். அவர்கள் ஏற்கெனவே மைதான நேரம் எடுத்து வைத்திருப்பார்கள், ஈட்டியும் இரவல் தருவார்கள். எறிகிறவர்கள் எல்லோரும் எறிந்து முடித்த பிறகுதான் ஈட்டி எடுக்கப் போவது என்ற ஒழுங்கையும் அங்கேதான் பழகலாம்.

பரிசோதனைக்குக் கொழும்பு 7இல் உள்ள விளையாட்டு மருத்துவ நிறுவகத்தில் விசாரியுங்கள், அல்லது விளையாட்டுக் காயங்களைத் தொடர்ந்து பார்க்கிற ஒரு பிசியோவிடம் போங்கள். போகும்போது முழங்கால் சத்திரசிகிச்சையின் டயக்னோசிஸ் கார்டைக் கொண்டுபோங்கள். எந்த இடத்துத் தசைநாணை எடுத்துப் போட்டார்கள் என்று அதில் இருக்கும், தொடைப் பயிற்சியைத் தீர்மானிக்க அது வேண்டும். எனக்கு மறுபடி எழுதுவதானால் எந்தக் கையால் எறிவீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.